மைனாவின் வாய்க்கு ஒரு கடிவாளம்

புதிதாகக் குதிரை வாங்கி, சுற்றுலாக்காரர்களை ஏற்றும் நம் குதிரை வரிசையில் சேர்ந்திருப்பவர்களுக்கு,

கடிவாளம் பார்த்து வாங்குவது, கட்டுவது பற்றி ஏதாவது எழுதித் தரும்படி கேட்டீர்கள். நான் ஐந்தாவதோடு நின்றவன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். எந்த வாரை எந்தத் துளையில் மாட்டுவது என்று எழுதப் போவதில்லை. கொஞ்ச நாள் கை பழகினால் அது வந்துவிடும். அப்படிப் பழகியும் வராத சங்கதி ஒன்று இருக்கிறது. அதை மட்டும் சொல்கிறேன்.

வட்டவடையில் ஜீப் போகாத வயல்களிலிருந்து பூண்டு மூட்டை சுமக்கக் குதிரை ஓட்டிய காலத்தில் என்னோடு ஒருவன் இருந்தான். மார்கழிக் குளிரில் கடிவாளத்தை வெளியே வேலியில் தொங்கவிட்டுப் படுத்துவிட்டான். விடிந்ததும் அந்த இரும்பை அப்படியே எடுத்துக் குதிரை வாயில் திணித்தான். பனி பிடித்த இரும்பு. நாக்குத் தோல் அதில் ஒட்டிக்கொண்டது. பயந்து இழுத்துவிட்டான். வாய்ப்புண் சீக்கிரமே ஆறிவிட்டது. ஆனால் அவன் இடது பக்கமாகக் கையில் எதையாவது எடுத்துக்கொண்டு வந்தால் அந்தக் குதிரை நிற்காது. கையில் வைக்கோல் இருந்தாலும் நிற்காது. அதைப் பார்த்த பிறகு குளிர்காலத்தில் நான் இரும்பை அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொண்டுதான் குதிரையிடம் போவேன். காய்ச்சல் பார்க்கிறாயா என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

இனி மைனாவின் கதை. நான் வேலையை விடுவதற்குச் சற்று முன்னால் நடந்தது.

எஸ்தரை உங்களில் பலருக்குத் தெரியும். இப்போது வரிசையில் முதலில் நிற்கிறாளே, அவள்தான். அன்று அவள் புதியவள். மூணாறு பக்கம் தோட்டத்தில் கொழுந்து கிள்ளியவள். முதுகு போய்விட்டது. வேலையை விட்டு நின்றாள். தோட்டத்து வேலையை விட்டால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் விட வேண்டும். கைக்கு வந்த பணம் முழுவதையும் போட்டு ஒரு பெட்டைக் குதிரை வாங்கிக்கொண்டு காந்தலூருக்கு வந்துவிட்டாள். மேலே காட்சி முனையில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிப் பிழைக்கலாம் என்பது கணக்கு. கணவர் இல்லை. மகள் உடுமலையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். போவதற்கு வேறு இடமும் இல்லை.

குதிரையின் பெயர் மைனா. கருஞ்செம்மை நிறம். நல்ல கால்கள். கிழக்குப் பாலக்காட்டில், கொழிஞ்சாம்பாறைக்குத் தெற்கே ஒரு தோட்டத்துக்காரரிடம் வாங்கியது. அவர் தென்னையும் வைத்திருந்தார், வண்டிப் பந்தயத்துக்குக் குதிரையும் வைத்திருந்தார்.

எஸ்தர் உடுமலைக் கடையில் புதுக் கடிவாளம் ஒன்று வாங்கி வந்தாள். பளபளவென்று இருந்தது. மெல்லிய கம்பி. மூன்று பேர் பிடித்தும் மைனா அதை வாயில் வாங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தலையைத் தூக்கி வீசியதில் முருகனின் உதடு கிழிந்தது. முருகன்தான் அப்போது நம் வரிசைக்குச் செயலாளர். உதட்டில் துணியை அழுத்திக்கொண்டே, அந்தக் கொங்கு ஆளைக் கூட்டி வாருங்கள், அவர் குதிரையோடு பேசுவார் என்று என்னைக் கூப்பிட ஆள் அனுப்பினான். கேலிதான். போனேன்.

அன்று கடிவாளத்தைக் கையில் எடுக்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வெயில் இறங்கிய பிறகு மைனா தலையைத் தாழ்த்தியது. வாய் ஓரத்தில் பல் இல்லாத இடத்தில் கட்டைவிரலை விட்டேன். வெறும் விரல் என்பதால் விட்டுக்கொடுத்தது. நாக்கை மெதுவாகப் பக்கத்துக்கு எடுத்துப் பார்த்தேன். நாக்கின் குறுக்கே ஒரு பள்ளம். என் விரல் அதில் படுக்கும். ஆறிப்போன பழைய வெட்டு. மறையூர் வெல்லத்தில் ஒரு துண்டை நாக்கு நுனியில் வைத்தேன். அது அங்கேயே கிடந்தது. பள்ளத்துக்குப் பின்னால் வைத்த பிறகுதான் சப்பியது. நுனி நாக்கு செத்துப்போயிருந்தது.

"அம்மிணி, இதும்பட பழைய கடிவாளம் எங்க?" என்று எஸ்தரிடம் கேட்டேன்.

"தரலண்ணே. குதிரையக் குடுப்போம், கயிறு குடுக்குற வழக்கமில்லன்னுட்டாக. நாங்க போகும்போதே கடிவாளத்தக் கழட்டிட்டு வெறுங்கயித்துலதான் கட்டியிருந்தாக."

இந்த வழக்கம் எங்கள் பக்கத்தில் மாட்டுக்கு உண்டு. மாட்டை விற்றால் கழுத்துக் கயிற்றை விற்பவர் அவிழ்த்து வைத்துக்கொள்வார். வாங்குபவர் தன் கயிற்றைக் கட்டி ஓட்டிப் போக வேண்டும். கயிற்றோடு கொடுத்தால் தொழுவத்தின் ராசி போய்விடும் என்பார்கள். என் வீட்டிலும் அப்படித்தான். மாட்டுக்கு அதனால் நட்டமில்லை. ஒரு கயிறு இன்னொரு கயிறு போலத்தான் இருக்கும். மாடு வைத்திருந்தவர்கள் குதிரைக்கு வந்தபோது அந்த வழக்கத்தையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்கள். குதிரைக்கு அது தப்பு. அந்த வாய் என்ன பாடு பட்டது, எதற்குப் பழகியது என்பதெல்லாம் பழைய கடிவாளத்தைப் பார்த்தால்தான் தெரியும். அதை எடுத்து வைத்துக்கொண்டு குதிரையை மட்டும் கொடுத்தால் வாங்குபவருக்கு ஒன்றும் தெரியாது.

இந்தக் குதிரைக்கு இரும்பே வேண்டாம், மூக்குக்கு மேலே அகலமான தோல் பட்டை போட்டு ஓட்டலாம் என்று முருகனிடம் சொன்னேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. அவனைக் குறை சொல்ல முடியாது. அதற்கு முன்னால் இரும்பு இல்லாமல் கயிற்றோடு வந்த ஒரு குதிரை மிரண்டு ஓடி, ஏறியிருந்த பெண்ணைக் கீழ்ப்பாத்தியில் தள்ளிவிட்டது. அதன் பிறகு வாயில் இரும்பு இல்லாத குதிரை வரிசையில் நிற்கக் கூடாது என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்தோம். நானும் கை தூக்கியவன்தான்.

"ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் கயித்தோட வந்து நிப்பாங்கண்ணே. அந்தப் பொண்ணுக்கு இன்னும் கை நேரா நீள மாட்டேங்குது" என்றான் முருகன்.

புதுக் குதிரைகளைப் பூஜை விடுமுறைக்கு முந்தைய சனிக்கிழமை எல்லார் முன்னிலையிலும் கடிவாளம் போட்டு ஒரு சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும். அதை விட்டால் அடுத்த பருவம்தான். அதுவரை மைனாவுக்குத் தீனி போட எஸ்தரிடம் எதுவும் இல்லை. அவள் மைனாவை விற்ற தோட்டத்துக்காரருக்குப் போன் செய்தாள். பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்புங்கள், வெல்லம் ஏற்ற எங்கள் டெம்போ சனிக்கிழமை மறையூர் வரும், அதிலேயே ஏற்றிவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். பணம் பற்றி அவர் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை.

நான் அந்தப் பழைய கடிவாளத்தைப் பார்க்கப் போனேன். மைனாவுக்கு எது பழக்கம் என்று தெரிந்தால் அதைப் போலவே ஒன்று செய்துவிடலாம் என்று நினைத்தேன். சின்னாறு செக்போஸ்ட் தாண்டி உடுமலை, அங்கிருந்து பொள்ளாச்சி, பிறகு இன்னொரு பஸ். போய்ச் சேர மதியமாகிவிட்டது.

தோட்டத்துக்காரர் மரியாதையான மனிதர். எங்கள் ஊர்ப் பேச்சைக் கேட்டதும் சந்தோஷப்பட்டார். இளநீர் வெட்டிக் கொடுத்தார். சாப்பிட வைத்தார். மைனா நன்றாகச் சாப்பிடுகிறதா என்று தானாகவே கேட்டார். கொட்டகை என் வீட்டைவிடச் சுத்தமாக இருந்தது. குதிரைகளுக்கு முட்டையும் பாதாமும் கொடுக்கிறார். கடிவாளத்தைப் பார்க்க வந்தேன் என்றேன்.

"பாக்கறதுக்கு என்னுங்க, தாராளமாப் பாருங்க" என்றார்.

கடிவாளம் கொட்டகைச் சுவரில் இல்லை. ஒரு செவலைக் குட்டிக்கு மாட்டுவதற்காக வெளியே எடுத்து வைத்திருந்தார். அப்பா காலத்துக் கடிவாளம் என்றார். தோலை எண்ணெய் போட்டு மெழுகு போல வைத்திருந்தார். வாய்க்குள் போகும் இடத்தில் இரண்டு கம்பிகளை முறுக்கிச் செய்திருந்தார்கள். கட்டைவிரலை வைத்து இழுத்துப் பார்த்தேன். என் கை காய்த்துப்போன கை. அதிலேயே கோடு விழுந்தது.

மைனாவின் நாக்கைப் பற்றிச் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்தது. ஒளிக்கவில்லை. பந்தயத்தில் திருப்பத்தில் இழுத்தபோது வெட்டியது, மஞ்சள் போட்டு ஆற்றினோம் என்றார். பிறகு குட்டியைக் கொண்டுவந்து எனக்குக் காட்டுவதற்காகக் கடிவாளம் போட்டார்.

அதன் தலைக்குப் பக்கத்தில் நின்று ஒரு சொல் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். இரும்பு இன்னும் ஒரு முழம் தள்ளி இருந்தது. குட்டி கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தது. திறந்தபடியே நின்றது. கழுத்து வேர்த்திருந்தது. நிழலில் நின்ற குதிரை அது.

எப்படிப் பழக்கினீர்கள் என்று கேட்டேன்.

"ரெண்டு மூணு நாளைக்கு இந்தக் கம்பியப் போட்டுட்டு, சொல்லைச் சொல்லிச் சொல்லி இழுக்கோணுங்க. அப்புறம் இழுக்கவே வேண்டியதில்லீங்க. சொன்னாப் போதும்."

அந்தக் கடிவாளத்தை எனக்கு விற்றுவிடுங்கள் என்று கேட்டேன். மைனாவுக்குப் போட இல்லை. அந்தக் குட்டியின் வாயிலிருந்து எடுத்தால் போதும் என்று தோன்றியது. அவர் சிரித்தார். கோபப்படவில்லை.

"குதிரை போனா வேற வாங்கிக்கலாமுங்க. இது போனா எங்கூட்டுல என்னுங்க இருக்குது?"

புறப்படும்போது மைனாவைப் பற்றி மறுபடியும் சொன்னார். குட்டி இன்னும் தேறவில்லை, மைனா திரும்பி வந்தால் இந்த வருடம் அதையே வண்டியில் பூட்டிக்கொள்ளலாம் என்றார். பஸ் நிறுத்தம் வரைக்கும் என்னைத் தன் வண்டியில் கொண்டுவந்து விட்டார். கெட்ட மனிதர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஸ்ஸில் முழுக்க அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

மறையூரில் ஒரு கொல்லரிடம் சொல்லி இரும்பு செய்தேன். விரல் கனம், நல்ல வழவழப்பு. நடுவில் மேல்நோக்கி ஒரு வளைவு. நாக்கு அந்த வளைவுக்குக் கீழே சும்மா கிடக்கும், இரும்பு அதைத் தொடாது. லகானை மூக்குப் பட்டையில் கட்டினேன். வாய் இரும்பில் தனியாக ஒரு கயிறு, ஆபத்துக்கு மட்டும். தொண்டைக்குக் கீழே போகும் வாரில் நாலு விரல் நுழையும்படி விட்டேன். என் வாழ்நாளில் அதைவிட நல்ல கடிவாளம் நான் கட்டியதில்லை. என் வாயில் வைத்தும் பார்த்தேன். எப்படி இருக்கிறது, உப்பு போதுமா என்று முருகன் கேட்டான்.

மைனாவுக்கு அது தெரியாது. அதற்கு இரும்பு என்றால் அந்தக் கம்பிதான். அக்குளில் வைத்துச் சூடாக்கினேன். துணி சுற்றினேன். வெல்லம் தடவினேன், நுனி நாக்குக்கு எட்டவில்லை. நாள் முழுக்கக் கடிவாளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். பல்லை இறுக்கிக்கொண்டு நின்றது. அடிக்கவில்லை, கடிக்கவில்லை. திறக்கவும் இல்லை. பொறுத்துப் பழக்கினால் தை மாதத்துக்குள் வாங்கியிருக்கும். எனக்கு அதில் சந்தேகம் இல்லை. தை வரைக்கும் யாரும் காத்திருக்கவில்லை.

சனிக்கிழமை வந்தது. மற்ற புதுக் குதிரைகள் எல்லாம் சுற்றி வந்துவிட்டன. மைனா மட்டும் பாக்கி. முருகன் இரண்டு தடவை டீ சொல்லி நேரத்தை நீட்டினான். அவன் மனசுக்குள் அவளைச் சேர்க்கத்தான் ஆசை. வரிசையின் விதி அவன் கையைக் கட்டியிருந்தது. கீழே ரோட்டில் டெம்போ வந்து நின்றது. மறையூரில் வெல்லம் ஏற்றிய பிறகு குதிரைக்காக மேலே வந்திருந்தது. டிரைவர் ஹாரன் அடித்தான்.

எஸ்தர் மைனாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் அழவில்லை. என்னைப் பார்த்தாள்.

"ஏத்திருவோமாண்ணே? மழ வந்தா அந்த ரோட்டுல வண்டி எறங்காது" என்றாள்.

அந்த இடத்தில் நான் யோசித்தது இவ்வளவுதான். ஏற்றினால் அது போய் நிற்கும் இடம் எனக்குத் தெரியும். முறுக்குக் கம்பி திரும்ப அந்தப் பள்ளத்திலேயே போய் விழும். இந்தத் தடவை நாக்கு மிஞ்சாது. இங்கே நின்றால் வாயில் இருக்கப்போவது நான் செய்த இரும்பு. கயிறு பிடிக்கப்போவது எஸ்தர். அதற்கு ஒரு வழிதான் இருந்தது. மைனா வாயைத் திறக்க வேண்டும்.

எஸ்தரைக் கழுத்தை விடாமல் பிடித்திருக்கச் சொன்னேன். மைனாவின் இடது காதுப் பக்கம் போனேன். தோட்டத்துக்காரர் சொன்ன மாதிரியே, அதே மெதுவான குரலில், அந்தச் சொல்லைச் சொன்னேன்.

மைனா கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தது.

இரும்பை வைத்தேன். வார்களை மாட்டினேன். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சேர்ந்து பேசினார்கள். இதை முதலிலேயே செய்திருக்கலாமே, என் உதடாவது தப்பித்திருக்கும் என்றான் முருகன். எல்லாரும் சிரித்தார்கள். எஸ்தர் சிரிக்கவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது நின்ன எடத்துலயே ஒண்ணுக்குப் போயிருச்சுண்ணே" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

மைனா ஒரு சுற்று சுற்றி வந்தது. ஒரு தப்பும் செய்யவில்லை. டெம்போ குதிரை இல்லாமல் திரும்பிப் போனது. எஸ்தரின் பெயரை வரிசையில் சேர்த்தார்கள்.

அது என்ன சொல் என்று அன்று சாயங்காலம் எஸ்தர் கேட்டாள். குதிரை அவளுடையது. அதனால் சொன்னேன், அதை எப்படிப் பழக்குகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் வைக்கோலை உதறிக்கொண்டிருந்தாள்.

"எனக்குச் சொல்லாம இருந்திருக்கலாம்ண்ணே" என்றாள்.

அவள் ஒரு தடவைகூட அதைச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் வரவில்லை. அன்றைக்குப் பிறகு யாராவது தலைப் பக்கம் கையைத் தூக்கினாலே மைனா வாயைத் திறந்துவிடும். கடிவாளத்துக்கு மட்டும் இல்லை, ஈ ஓட்டக் கையைத் தூக்கினாலும் திறக்கும். ஏறி இறங்கிய குழந்தைகள் தடவிக் கொடுக்கக் கை நீட்டுவார்கள். மைனா கண்ணை மூடி வாயைத் திறக்கும். குதிரை சிரிக்கிறது என்று பெற்றோர் போனில் படம் எடுப்பார்கள். அந்த நேரத்தில் எஸ்தர் சேணத்தின் வாரைச் சரிசெய்யக் குனிந்துகொள்வாள். ஒருவரிடமும் அவள் விளக்கம் சொன்னதில்லை. அந்த இரும்பால் மைனாவின் வாயில் ஒரு கீறல்கூட விழவில்லை. வாரம் தவறாமல் பார்த்தேன். நான்கு பருவம் உழைத்தது. ஒரு மழைக்காலத்தில் வயிற்று வலி வந்து செத்தது. எஸ்தர் இப்போது வைத்திருப்பது வேறு குதிரை.

நான் செய்தது சரியா என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால், டெம்போவில் ஏற்றியிருக்க மாட்டேன் என்றுதான் சொல்வேன். மறுபடியும் அந்த இடத்தில் நிற்க வேண்டி வந்தால் மறுபடியும் அதையே செய்வேன். அதனால் அது நல்ல வேலை ஆகிவிடாது. நம் தொழிலில் இப்படி ஒரு நாள் உங்களுக்கும் வரும். அன்றைக்குச் செய்ததை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ள இடம் வேண்டும், அவ்வளவுதான்.

குதிரை வாங்கப் போகும்போது இதைச் செய்யுங்கள். விற்பவர் கடிவாளத்தைக் கழற்றி வைப்பதற்கு முன்னால் போய்ச் சேருங்கள். ராசி போய்விடும் என்றால் நீங்கள் அதைக் கேட்க வேண்டாம், அவரே வைத்துக்கொள்ளட்டும். உங்கள் கண் முன்னால் ஒரு தடவை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். குதிரை தலையை ஆட்டினால் பயப்படாதீர்கள். பல்லைக் கடித்தாலும் பரவாயில்லை. இரும்பு தொடுவதற்கு முன்னாலேயே வாயைத் திறந்தால், நல்ல பழக்கம் என்று தட்டிக் கொடுக்காதீர்கள். உள்ளே விரலை விட்டுப் பாருங்கள்.

போன வாரம் உங்களில் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தீர்கள். மைனாவின் விஷயத்தை யாரோ சொல்லியிருக்கிறார்கள். அடம்பிடிக்கிற குதிரைக்கு அந்தச் சொல் உதவும், எழுதிக் கொடுங்கள் என்றீர்கள். டீ கொடுத்து அனுப்பினேன். பதில் சொல்லவில்லை. இதுதான் பதில். எந்தக் குதிரையின் வாயை வேண்டுமானாலும் பார்த்துத் தருகிறேன், கடிவாளமும் கட்டித் தருகிறேன். இடுப்பு ஒத்துழைத்தால் மேலேயும் வருகிறேன். அந்தச் சொல்லை மட்டும் கேட்காதீர்கள். அந்தச் சொல்லில் ஒன்றும் இல்லை. அதற்கு முன்னால் அந்தக் கம்பி வாய்க்குள் போயிருக்க வேண்டும். கம்பி படாத குதிரையிடம் போய் அதைச் சொன்னால், என்ன வேண்டும் என்பது போல அது உங்களைத் திரும்பிப் பார்க்கும். பிறகு புல்லைத் தின்னப் போய்விடும்.